கேமராவுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை

2020 ஜூன் மாதம். பள்ளி மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆறாம் வகுப்புப் பெற்றோர்களின் எண்களைச் சேர்த்து வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினோம். அதில் போடுவதற்காக என் வாழ்நாளின் முதல் பாடக் காணொலியை வீட்டில் எடுத்தேன். அரிசி டப்பாவின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக நின்றேன். "அன்பார்ந்த மாணவச் செல்வங்களே, இன்றைய காணொலியில் நாம் காணவிருப்பது..." என்று ஆரம்பித்தேன். பதினான்கு முறை எடுத்தேன். ஒரு முறை வார்த்தை தடுமாறியது, ஒரு முறை குக்கர் விசில் அடித்தது. பல முறை காரணமே இல்லாமல் நானே நிறுத்திவிட்டேன். பதினேழு ஆண்டுகள் வகுப்பறையில் பேசியவள், ஏழு அங்குலக் கைபேசியின் முன்னால் மூச்சுத் திணறினேன்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு குரல்பதிவு வந்தது. அப்பா கடலிலிருந்து திரும்பிய பிறகுதான் அந்த வீட்டில் பிள்ளையின் கைக்குக் கைபேசி கிடைக்கும். "டீச்சர், நீங்க ஏன் டீச்சர் வேற யாரோ மாதிரி பேசுதீங்க?"

அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டான். பள்ளி இல்லாத அந்த நாட்களில் அவன் மீன் ஏலம் விடும் இடத்தில் பெரியவர்களோடு நின்று மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். பள்ளியோடு அவனுக்கு மிச்சமிருந்த ஒரே இழை அந்தக் காணொலிதான். அதிலும் யாரோ ஒருத்தி வந்து நின்றால், அந்த இழையும் அறுந்துவிடும் அல்லவா? கேமரா முன் இயல்பாகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் முடிவு செய்தது அந்த ஒரு கேள்வியால்தான்.

இந்தக் கட்டுரை அந்தக் கற்றலைப் பற்றியது. பெருந்தொற்றுக் காலம் முடிந்துவிட்டது. இனி இது எதற்கு என்று தோன்றலாம். 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடத்துபவர்களில் பலர் நம்மைப் போன்ற அரசுப் பள்ளி ஆசிரியர்களே. 2023இல் மணற்கேணி செயலி வந்தது. பயிற்சிகளும் கூட்டங்களும் பாதிக்குப் பாதி இணையவழியில் நடக்கின்றன. நாளைக்கு உங்களையும் ஒரு கேமரா முன் நிற்கச் சொல்லலாம்.

ஏன் உறைந்து போகிறோம்?

வகுப்பறையில் நாம் தனியாகப் பேசுவதில்லை. முன்வரிசைப் பிள்ளையின் தலையாட்டல், கடைசி வரிசையின் கொட்டாவி, ஒரு பிள்ளையின் சுருங்கிய புருவம் என நாற்பது முகங்கள் நொடிக்கு நொடி நமக்குப் பதில் சொல்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் வேகத்தைக் குறைக்கிறோம், எடுத்துக்காட்டை மாற்றுகிறோம். கேமரா பதிலே சொல்லாது. பதில் வராத இடத்தில் மனம் தன்னைத் தானே கவனிக்கத் தொடங்குகிறது. தலைமுடி சரியாக இருக்கிறதா, குரல் நடுங்குகிறதா என்று போய்விடுகிறது. பாடம் கைநழுவுவது அங்கேதான்.

எடுத்ததைப் போட்டுப் பார்க்கும்போது இன்னொரு அதிர்ச்சி: "இது என் குரலா?" இதற்கு அறிவியல் காரணம் உண்டு. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமின்றி, மண்டையோட்டு எலும்புகளின் வழியாகவும் நம் உட்செவிக்குப் போகிறது. எலும்பு வழி வரும் ஒலி குரலுக்குக் கனம் கூட்டுகிறது. பதிவில் அது இல்லாததால் குரல் மெலிந்து கேட்கிறது. பிள்ளைகள் எப்போதும் கேட்டுவந்தது அந்தப் பதிவுக் குரலைத்தான். அவர்களுக்கு அதில் எந்த வித்தியாசமும் தெரியாது.

முகத்துக்கும் இதே கதைதான். நாம் தினமும் பார்ப்பது கண்ணாடியில் இடவலம் மாறிய முகம். 1977இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஒருவருடைய நேர்ப்படத்தையும் கண்ணாடிப் பிம்பப் படத்தையும் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். படத்துக்கு உரியவர்கள் பெரும்பாலும் கண்ணாடிப் பிம்பத்தையும், அவர்களுடைய நண்பர்கள் நேர்ப்படத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். பழகிய முகமே பிடித்த முகம். காணொலியில் நமக்கு விகாரமாகத் தெரியும் முகம், பிள்ளைகளுக்குப் பழகிய டீச்சர் முகம்.

படபடப்பைப் பற்றியும் ஒரு செய்தி. பேசுபவர் தன் பதற்றம் எல்லோருக்கும் அப்பட்டமாகத் தெரிகிறது என்று நினைக்கிறார். கேட்பவர்களுக்கு அந்த அளவு தெரிவதில்லை. 2003இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. இந்த உண்மையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பேசியவர்கள், தெரியாமல் பேசியவர்களைவிட நன்றாகப் பேசினார்கள் என்பது அதில் முக்கியம். இதைப் படித்துவிட்ட உங்களுக்கும் அந்தப் பலன் கிடைக்கட்டும்.

ஒரே ஒரு பிள்ளையிடம் பேசுங்கள்

என் முதல் தவறு, நாற்பது பேரிடம் பேசியது. வகுப்பறையில் நாற்பது பேர் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். காணொலியையோ பிள்ளை தனியாகப் பார்க்கிறது. "மாணவச் செல்வங்களே" என்ற விளி அங்கே மேடைப் பேச்சாகிவிடுகிறது.

வகுப்புக் குழுப் படம் ஒன்றை எடுத்து, கைபேசிக்குப் பின்னால் சுவரில், கேமராவின் கண்ணுக்கு நேராக ஒட்டினேன். அதில் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்து, "நேத்து அப்பாவோட வள்ளம் கரைக்கு வந்தப்ப காத்து எந்தப் பக்கமிருந்து அடிச்சுது?" என்று கேட்டேன். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நாலு திசைக் காற்றுக்கும் பெயர் தெரிந்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். கேட்டதும் என் தோள் தானாகத் தளர்ந்தது. குரல் கீழே இறங்கியது. கையும் அசையத் தொடங்கியது.

ஒரு சிறு நுட்பம்: பேசும்போது திரையில் தெரியும் உங்கள் முகத்தைப் பார்க்காதீர்கள், கேமராவின் கண்ணையே பாருங்கள். முன்பக்கக் கேமராவில் எடுத்தால் திரையை ஒரு தாளால் மறைத்துவிடுங்கள். தன் முகம் கண்ணில் படும்வரை மனம் பாடத்துக்குத் திரும்பாது.

எந்தத் தமிழில் பேசுவது?

இது நம் மொழிக்கே உரிய சிக்கல். எழுதும் தமிழ் ஒன்று, பேசும் தமிழ் ஒன்று. வகுப்பறையில் இரண்டையும் யோசிக்காமலே கலந்து பேசுகிறோம். வரையறையைப் பாடநூல் தமிழில் சொல்லி, விளக்கத்தை ஊர்த் தமிழில் சொல்கிறோம். கேமராவைக் கண்டதும் விளக்கமும் மேடைத் தமிழாகிவிடுகிறது. நம் பேச்சைக் கேட்டு யாராவது சிரிப்பார்களோ என்ற அச்சமும் இருக்கிறது. எங்கள் பக்கத்து 'பேசுதீங்க', 'வருதீங்க' எனக்கும் அந்த அச்சத்தைத் தந்தது.

இப்போது நான் வைத்திருக்கும் வழக்கம் எளியது. கலைச்சொல்லும் வரையறையும் பாடநூலில் உள்ளபடியே இருக்கும். அதைத் தெளிவாக இரண்டு முறை சொல்வேன். மற்றதெல்லாம் வகுப்பில் பேசும் தமிழ். மாநிலம் முழுவதும் பார்க்கும் பதிவென்றால் வட்டாரச் சொற்களைக் குறைத்துக்கொள்ளலாம். அப்போதும் பேச்சின் ஓசையை விட்டுவிட வேண்டாம். 'ஆவியாதல்' என்ற சொல்லைப் பிள்ளை தேர்வில் எழுத வேண்டும். ஆனால் "ஈரப் பாவாடை கொடியில காயுதே, அந்தத் தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டால்தான் அது மனதில் நிற்கும்.

மனப்பாடமும் வேண்டாம். முழுப் பேச்சையும் எழுதி ஒப்பித்தால், ஒரு சொல் தவறியதும் எல்லாம் தவறிவிடும். ஒரு துண்டுத் தாளில் நாலு சொற்கள் எழுதி, கேமராவுக்குக் கீழே ஒட்டிக்கொள்ளுங்கள். தொடக்க வாக்கியத்தையும் முடிவு வாக்கியத்தையும் மட்டும் முன்பே முடிவு செய்துகொண்டால் போதும்.

கைக்கு வேலை கொடுங்கள்

இந்தப் பாடத்தை எனக்குக் கற்றுத்தந்தவர்கள் மீனவர்கள். 'தூத்துக்குடி மீனவன்', 'உங்கள் மீனவன் மூக்கையூர்' போன்ற யூடியூப் சேனல்களை எங்கள் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கிறார்கள். அவற்றில் பேசுபவர்கள் படகில் நின்று வேலை செய்துகொண்டே பேசுகிறார்கள். வலையில் வந்த மீனைத் தூக்கிக் காட்டி, அதன் பெயரைச் சொல்கிறார்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகப் பேசுகிறது. கை சும்மா இருந்தால் அதை எங்கே வைப்பது என்பதே பெரிய கவலையாகிவிடுகிறது.

கலவைகளைப் பிரிக்கும் பாடத்தை நான் உப்பளத்தில் எடுத்தேன். உப்பு உற்பத்தியில் தமிழ்நாட்டில் முதலிடம் எங்கள் மாவட்டத்துக்கு. என் பிள்ளைகளில் சிலருடைய அம்மாக்கள் அந்தப் பாத்திகளில்தான் வேலை செய்கிறார்கள். வரப்பில் குந்தி, பாத்தித் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளினேன். பக்கத்துப் பாத்தியில் படிந்திருந்த உப்பை விரலால் வழித்தேன். "தண்ணி போயிருச்சு, உப்பு நின்னுருச்சு" என்று சொன்னபோது, கேமரா ஓடிக்கொண்டிருந்ததே நினைவில் இல்லை. ஒரே முறையில் எடுத்து முடித்த முதல் காணொலி அது.

உங்கள் ஊரில் உப்பளம் இல்லாமல் இருக்கலாம். ஒரு தராசு, ஒரு முழம் கயிறு, ஒரு வேப்பிலை, கணிதமென்றால் பத்துப் புளியங்கொட்டை போதும்.

திரை உடைந்த கைபேசி

இனி நான் சொல்லவேண்டிய முக்கியமான செய்தி. பாடநூலும் உலர் உணவுப் பொருளும் வாங்க அந்தப் பையன் அம்மாவோடு பள்ளிக்கு வந்தான். "காணொலி இப்போ நல்லா இருக்காலே?" என்று கேட்டேன். ஆசையாகத்தான் கேட்டேன். சன்னல் வெளிச்சம், பின்னணித் துணி என்று அதற்குள் நிறையக் கற்றிருந்தேன். அவன் தயங்கிவிட்டுச் சொன்னான்: "நல்லாத்தான் டீச்சர் இருக்கு. 'இங்க பாருங்க, இங்க பாருங்க'ன்னு சொல்லுதீங்க. எங்க டீச்சர் பாக்க?" அம்மாவின் பையிலிருந்து கைபேசியை எடுத்துக் காட்டினான். கீழே விழுந்து திரையின் பெரும்பகுதி கறுத்துப்போயிருந்தது. இத்தனை வாரமும் அவன் என் பாடத்தைப் பார்க்கவே இல்லை. கேட்டிருக்கிறான்.

பிறகு ஒருநாள் ஃப்ரெட் ரோஜர்ஸ் என்பவரைப் பற்றிப் படித்தேன். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1968 முதல் 2001 வரை சிறு குழந்தைகளுக்காக நிகழ்ச்சி நடத்தியவர். அலங்காரம் இல்லாமல், அவசரம் இல்லாமல், எதிரே ஒரே ஒரு குழந்தை இருப்பதுபோல் பேசுவது அவர் வழக்கம். நிகழ்ச்சியில் அவர் மீன்தொட்டி மீன்களுக்கு இரை போடுவார். பார்வையற்ற ஒரு சிறுமிக்கு, மீன்கள் பட்டினி கிடக்கின்றனவோ என்று கவலை. இரை போடும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று அவருக்குக் கடிதம் வந்தது. அதன்பின் மீனுக்கு இரை போடும்போதெல்லாம் "இப்போது மீனுக்கு இரை போடுகிறேன்" என்பதைச் சொல்லிவிட்டே போட்டார்.

நானும் அப்படியே மாறினேன். "இங்கே பாருங்கள்" என்பதற்குப் பதிலாக, "என் வலது கையில ஒரு டம்ளர் உப்புத்தண்ணி இருக்கு, அதைத் தட்டுல ஊத்துறேன்" என்றேன். கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் சொல்லாலும் சொல்லும்போது பேச்சு நிதானமாகிறது; அடுத்து என்ன சொல்வது என்ற தவிப்பும் போய்விடுகிறது. செய்வதைச் சொன்னாலே போதுமே! பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கும், திரை உடைந்த பிள்ளைக்கும், இணைய வேகம் குறைந்த ஊர்ப் பிள்ளைக்கும் பாடம் போய்ச் சேர்கிறது.

அதிலிருந்து, எடுத்த காணொலியை இரண்டு முறை சோதிக்கிறேன். முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். பாடம் புரிகிறதா? பிறகு ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். முகத்தில் உயிர் இருக்கிறதா? இரண்டும் சரியென்றால் அனுப்பிவிடுவேன். மூன்றாவது முறை பார்ப்பதில்லை. பார்த்தால் குறைகள்தான் பெருகும்.

சில நடைமுறைக் குறிப்புகள்

நேரம்: இணையவழிப் பாடக் காணொலிகளை மாணவர்கள் பார்த்த 69 லட்சம் தடவைகளை அலசிய ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட காணொலிகளில்தான் கவனம் அதிகம் நின்றது. பெருஞ்செலவில் படமாக்கியவற்றைவிட, ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து நெருக்கமாகப் பேசியவை மாணவர்களை அதிகம் ஈர்த்ததாகவும் அது கூறியது. நாற்பது நிமிடப் பாடத்தை ஏழெட்டாகப் பிரியுங்கள். ஒரு காணொலிக்கு ஒரு கருத்து.

ஒலி: படம் மங்கலாக இருந்தால் பிள்ளை பொறுத்துக்கொள்ளும், குரல் கேட்காவிட்டால் பொறுக்காது. கைபேசிக்கு ஒரு கை தூரத்தில் இருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். எங்களைப் போலக் கடற்கரையில் இருப்பவர்கள் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, உடம்பாலேயே கைபேசிக்கு மறைவு கொடுங்கள்.

வெளிச்சம்: சன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். கேமரா கண் உயரத்தில் இருக்கட்டும்.

தவறு: வார்த்தை தடுமாறினால் வகுப்பில் செய்வதுபோலச் சிரித்துவிட்டுத் திருத்திக்கொண்டு தொடருங்கள். சேவல் கூவினால் கூவட்டும். ஆனால் கருத்துப் பிழை, கணக்குப் பிழை இருந்தால் தயங்காமல் மறுபடி எடுங்கள். காணொலிப் பிழை கரும்பலகைப் பிழைபோல மணி அடித்ததும் அழிந்துபோகாது.

பழக்கம்: பத்து நாட்களுக்குத் தினமும் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். யாருக்கும் அனுப்ப வேண்டாம். பத்தாம் நாள் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் நம்பிக்கையான ஒரு சக ஆசிரியரிடம் காட்டுங்கள். வித்தியாசத்தை அவரே சொல்லுவார்.

பிள்ளைகளின் முகம்: நாம் கேமராவுக்குப் பழகியது பிள்ளைகளையும் அதன் முன் நிறுத்துவதற்கு அனுமதி ஆகாது. பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு பிள்ளையின் முகம் பொதுவெளிக்குப் போகக் கூடாது. தவறாகப் படிக்கும் பிள்ளையை வேடிக்கையாகப் படமெடுப்பது எப்போதும் கூடாது.

கயிற்றின் மறுமுனை

என் தாத்தா சங்கு குளித்தவர். இந்தக் கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அதையும் பார்த்தவர். கல்லைக் கட்டிய கயிற்றோடு குளியாளி மூச்சடக்கி இறங்குவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்பார். கீழே இருப்பவரின் முகம் மேலே தெரியாது. கயிறு அசைந்தால் தூக்குவார். "கயிறு புடிக்கிறவன் கருத்தா இருந்தாத்தான் குளிக்கிறவனுக்குப் பயம் இருக்காது" என்பார் தாத்தா.

கேமரா முன்னாலும் அப்படித்தான். மறுமுனையில் ஒருவர் பிடித்திருக்கிறார் என்று தெரிந்தால் பயம் குறைகிறது. அதனால் ஒவ்வொரு காணொலியையும் ஒரு கேள்வியோடு முடித்தேன். "உங்க வீட்டுல தண்ணி ஆவியாகுற மூணு இடத்தைக் கண்டுபிடிச்சுக் குரல்பதிவுல சொல்லுங்க" என்பேன். முதல் வாரம் நாலு பதில் வந்தது. பிறகு பதினொன்று. பதில் சொன்ன பிள்ளையின் பெயரைச் சொல்லி அடுத்த காணொலியைத் தொடங்கினேன். அதற்குப் பின் கேமரா எனக்கு வெறும் கண்ணாடித் துண்டாகத் தெரியவில்லை.

காணொலியால் எல்லாம் நடந்துவிடும் என்று சொல்லமாட்டேன். அதே வகுப்பில் ஒரு சிறுமியின் வீட்டில் கைபேசியே இல்லை. என் காணொலி எதுவும் அவளிடம் போகவில்லை. மூன்று முறை வீட்டுக்கு நேரில் போய்ப் பேசிய பிறகுதான் அவள் திரும்ப வந்தாள். கைபேசி எட்டாத வீடுகளுக்கு நம் கால்கள்தான் போக வேண்டும்.

2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தன. அந்தப் பையன் ஏழாம் வகுப்பு மாணவனாக வந்து நின்றான். ஒரு சாண் வளர்ந்திருந்தான். நான் பாடத்தைத் தொடங்கி, டம்ளரைக் கையில் எடுத்து, பழக்க தோஷத்தில் "என் வலது கையில ஒரு டம்ளர் தண்ணி இருக்கு" என்று சொன்னேன்.

"தெரியுது டீச்சர்," என்றான் அவன். வகுப்பே சிரித்தது. நானும்தான்.